போக்குவரத்துக் கணக்கு: வடசென்னையிலிருந்து வரும் கேள்விகளும் பதில்களும்

வணிகக் கணிதம் படிக்கிற பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகள், பி.பி.ஏ., பி.காம். மாணவர்கள், இரண்டு மூன்று குட்டியானை (சின்னச் சரக்கு வண்டி) வைத்துத் தொழில் நடத்துகிறவர்கள் என்று பல பேர் கேட்ட கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். பாடப்புத்தகத்தில் இந்தக் கணக்கு ஏ, பி, சி என்ற மூன்று ஆலைகளாகவும் நான்கு சந்தைகளாகவும் வரும், கட்டத்தை நிரப்பிவிட்டு மூடிவிடுவார்கள். எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரி வரிசையைத் தினமும் பார்த்தபடி பள்ளிக்குப் போகிற பிள்ளைக்கு இந்தப் பாடம் அப்படிச் செத்துப்போன கணக்காகத் தெரியக்கூடாது என்பது என் ஆசை. அதனால் ஒரே எடுத்துக்காட்டை எடுத்துக்கொண்டு கடைசிவரை அதிலேயே போகப் போகிறேன்.

போக்குவரத்துக் கணக்கு என்றால் சரியாக என்ன?

சரக்கு சில இடங்களில் இருக்கிறது, வேறு சில இடங்களில் தேவைப்படுகிறது. எந்த இடத்திலிருந்து எந்த இடத்துக்கு அனுப்பினால் ஒரு அலகுக்கு எவ்வளவு செலவு என்பது தெரியும். எங்கிருந்து எங்கே எவ்வளவு அனுப்பினால் மொத்தச் செலவு மிகக் குறைவாக வரும்? இதுதான் கேள்வி.

20 லிட்டர் தண்ணீர் கேன் தொழிலை எடுத்துக்கொள்வோம். ஒருவருக்கு மூன்று இடங்களில் பிளான்ட் இருக்கிறது: செங்குன்றத்தில் ஒரு நாளைக்கு 300 கேன், மாதவரத்தில் 200, மணலியில் 250. விநியோகம் நான்கு இடத்துக்கு: பெரம்பூருக்கு 150, வியாசர்பாடிக்கு 200, ராயபுரத்துக்கு 250, திருவொற்றியூருக்கு 150. இரண்டு பக்கமும் கூட்டினால் 750. ஒரு கேனுக்கு ஆகும் செலவு ரூபாயில் இப்படி (எண்கள் எல்லாம் விளக்கத்துக்காக நான் வைத்தவை, சந்தை விலை இல்லை):

செங்குன்றத்திலிருந்து: பெரம்பூர் 6, வியாசர்பாடி 7, ராயபுரம் 9, திருவொற்றியூர் 10
மாதவரத்திலிருந்து: பெரம்பூர் 3, வியாசர்பாடி 4, ராயபுரம் 7, திருவொற்றியூர் 6
மணலியிலிருந்து: பெரம்பூர் 5, வியாசர்பாடி 5, ராயபுரம் 6, திருவொற்றியூர் 3

ஒரு தாளில் மூன்று நிரை, நான்கு நிரல் போட்டு இதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கீழே வருகிற எல்லாமே இந்தப் பன்னிரண்டு கட்டங்களுக்குள்தான்.

பக்கத்து ஊருக்குப் பக்கத்திலிருந்து அனுப்பினால் போதாதா? இதற்கு எதற்கு ஒரு பாடம்?

தொழில் செய்கிறவர்கள் எல்லாரும் முதலில் இதைத்தான் கேட்பார்கள், நியாயமான கேள்வி. செய்து பார்த்துவிடுவோம். இதற்குப் புத்தகத்தில் மீச்சிறு செலவு முறை என்று பெயர்: எந்தக் கட்டத்தில் செலவு குறைவோ அதை முதலில் நிரப்பு, அப்புறம் அதற்கடுத்த குறைந்த கட்டம், இப்படியே போ.

குறைந்த செலவு 3. மாதவரம்–பெரம்பூர் 150, மணலி–திருவொற்றியூர் 150. அடுத்தது 4, மாதவரத்தில் மீதி இருக்கிற 50 வியாசர்பாடிக்கு. அடுத்தது 5, மணலியில் மீதி 100, அதுவும் வியாசர்பாடிக்கு. இப்போது மாதவரமும் மணலியும் காலி. செங்குன்றத்தின் 300 கேனில் வியாசர்பாடிக்கு 50, ராயபுரத்துக்கு 250. மொத்தச் செலவு 4200 ரூபாய்.

ஒவ்வொரு முடிவும் தனித்தனியாகப் பார்த்தால் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் 4100 ரூபாயில் இதே வேலையை முடிக்கலாம். ஒரு நாளைக்கு 100 ரூபாய் என்றால் மாதம் 3000. தப்பு எங்கே நடந்தது என்றால், மணலி கேனை வியாசர்பாடிக்கு 5 ரூபாயில் கொடுத்ததும், ராயபுரத்தின் முழுச் சுமையும் தூரத்தில் இருக்கிற செங்குன்றத்தின் தலையில் 9 ரூபாய்க்கு விழுந்துவிட்டது. முதலில் மலிவாக நிரப்பியதன் விலையைக் கடைசியில் மிஞ்சுகிற கட்டம் கட்டுகிறது. இந்தப் பாடம் இருப்பதே இந்த ஒரு காரணத்துக்காகத்தான்.

வடமேற்கு மூலை முறையில் செலவையே பார்ப்பதில்லையே, அதை ஏன் சொல்லித் தருகிறார்கள்?

ஆமாம், பார்ப்பதில்லை. மேல் இடது மூலையில் தொடங்கி, அளிப்பு தீர்ந்தால் கீழே, தேவை தீர்ந்தால் வலப்பக்கம் என்று இறங்கிக்கொண்டே போகிறோம். நம் கணக்கில் 4250 ரூபாய் வரும். ஊர்களை வேறு வரிசையில் எழுதினால் வேறு விடை வரும், அதுவே இதன் பலவீனம் என்ன என்பதைச் சொல்லிவிடுகிறது. ஆனாலும் கண்ணை மூடிக்கொண்டு ஒரு நிமிடத்தில் ஒரு செல்லுபடியாகும் திட்டத்தைக் கொடுத்துவிடும், அதை வைத்துத் திருத்தும் வேலையைத் தொடங்கலாம். அதற்கு மேல் இதனிடம் எதிர்பார்க்க வேண்டாம்.

வோகல் முறை மட்டும் ஏன் நல்ல விடை தருகிறது?

அது செலவைப் பார்ப்பதற்குப் பதிலாக வருத்தத்தைப் பார்க்கிறது. ஒவ்வொரு நிரையிலும் நிரலிலும் மிகக் குறைந்த செலவுக்கும் அதற்கடுத்த செலவுக்கும் உள்ள வித்தியாசத்தை எடுக்கிறோம். இதை அபராதம் என்று சொல்லலாம். நல்ல வழியைத் தவறவிட்டால் ஒரு கேனுக்கு எவ்வளவு கூடுதலாகக் கொடுக்க வேண்டியிருக்கும் என்பதுதான் அந்த எண். எங்கே அபராதம் அதிகமோ அங்கே முதலில் கவனம்.

திருவொற்றியூர் நிரலைப் பாருங்கள்: 10, 6, 3. குறைந்தது 3, அடுத்தது 6, அபராதம் 3. வேறு எங்கும் இவ்வளவு இல்லை. அதனால் மணலி–திருவொற்றியூர் 150 முதலில் முடிவாகிறது. அந்த நிரலை அடித்துவிட்டு மறுபடி கணக்கிட்டால் பெரம்பூருக்கு 2, அதுதான் பெரியது, மாதவரம்–பெரம்பூர் 150. அடுத்து மாதவரம் நிரையில் 4-க்கும் 7-க்கும் இடையே 3, மீதி 50 வியாசர்பாடிக்கு. இப்போது செங்குன்றமும் மணலியும், வியாசர்பாடியும் ராயபுரமும் மட்டும் மிச்சம். ராயபுரத்தில் 9-க்கும் 6-க்கும் இடையே 3. மணலியின் மீதி 100 ராயபுரத்துக்குப் போகிறது. செங்குன்றம் வியாசர்பாடிக்கு 150, ராயபுரத்துக்கு 150 கொடுக்கிறது. கூட்டினால் 4100.

மலிவுக் கணக்கு எங்கே தடம் மாறியதோ அதே இடத்தில் வோகல் சரியாகத் திரும்பியதைக் கவனியுங்கள். மணலிக்கு வியாசர்பாடி 5, ராயபுரம் 6, ஒரு ரூபாய்தான் வித்தியாசம். செங்குன்றத்துக்கு அதே இரண்டு ஊருக்கும் 7, 9, இரண்டு ரூபாய் வித்தியாசம். ஆகவே ராயபுரத்துக்குப் போவதில் யாருக்கு வலி குறைவோ அவர் போகட்டும் என்கிறது.

ஆனால் எல்லாக் கணக்கிலும் வோகல் மிகக் குறைந்த செலவில்தான் போய் நிற்கும் என்று எந்த உத்தரவாதமும் கிடையாது. பெரும்பாலும் பக்கத்தில் கொண்டுபோய் விடும், அவ்வளவுதான்.

அப்படியானால் இதுதான் மிகக் குறைந்த செலவு என்று எப்படி உறுதியாகச் சொல்வது?

இந்தப் பக்கத்தை எழுதியதே இந்தக் கேள்விக்காகத்தான். பன்னிரண்டாம் வகுப்பில் மேலே சொன்ன மூன்று முறைகளையும் போட்டுத் தொடக்கத் தீர்வு கண்டுபிடிக்கப் பழகுகிறார்கள். மாணவர்கள் மனதில் அதுவே விடை என்று பதிந்துவிடுகிறது. அது தொடக்கம் மட்டும்தான். உண்மையான அல்காரிதம் அதற்கு அப்புறம்தான் வருகிறது, கல்லூரியில் அதை யூ-வி முறை அல்லது மோடி (MODI, Modified Distribution என்பதன் சுருக்கம்) முறை என்று சொல்வார்கள்.

அடியில் இருக்கிற யோசனை எளிமையானது. 4200 ரூபாய் திட்டத்தையே எடுத்துக்கொள்வோம். அதில் மணலி–ராயபுரம் கட்டம் காலி. அங்கே ஒரே ஒரு கேனை அனுப்பிப் பார்க்கலாமா? அனுப்பினால் 6 ரூபாய் கூடும். ராயபுரத்துக்கு ஒன்று அதிகமாகிவிடும், ஆகவே செங்குன்றம் அங்கே ஒன்றைக் குறைக்க வேண்டும், 9 ரூபாய் மிச்சம். செங்குன்றத்தில் நின்றுபோன அந்தக் கேன் வியாசர்பாடிக்குப் போகட்டும், 7 கூடும். வியாசர்பாடியில் ஒன்று அதிகம், மணலி அங்கே ஒன்றைக் குறைக்கட்டும், 5 மிச்சம். மணலியின் கணக்கும் நேராகிவிட்டது. 6 கூட்டி, 9 கழித்து, 7 கூட்டி, 5 கழித்தால் கழித்தல் 1. சுற்றி வந்ததில் ஒரு ரூபாய் குறைந்திருக்கிறது! அப்படியானால் ஒன்றோடு ஏன் நிறுத்த வேண்டும், குறைக்க முடிகிற அளவுக்குப் போகலாம். குறைக்க வேண்டிய இரண்டு கட்டங்களில் 250-ம் 100-ம் இருக்கின்றன, சின்னது 100. ஆகவே 100 கேன் இப்படிச் சுற்றுகிறது, 4200 என்பது 4100 ஆகிறது.

காலியாக உள்ள ஒவ்வொரு கட்டத்துக்கும் இப்படி ஒரு சுற்று வரைந்து பார்ப்பதற்குப் படிக்கல் முறை என்று பெயர், 1954-இல் சார்ன்ஸும் கூப்பரும் விளக்கியது. கட்டங்கள் நிறைய இருந்தால் ஒவ்வொன்றுக்கும் சுற்று தேடுவது கண்ணைக் கட்டும். யூ-வி முறை அந்த எல்லாச் சுற்றுகளையும் ஒரே தடவையில் கணக்கிட்டுவிடுகிறது. ஒவ்வொரு நிரைக்கும் ஒரு யூ, ஒவ்வொரு நிரலுக்கும் ஒரு வி. சரக்கு போகிற கட்டங்களில் மட்டும் யூவும் வியும் கூட்டினால் அந்தக் கட்டத்தின் செலவு வர வேண்டும். ஏதாவது ஒரு யூவை பூஜ்யம் என்று வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் தானாக வந்துவிடும்.

4100 ரூபாய் திட்டத்தில் செங்குன்றத்துக்கு யூ 0 என்று வையுங்கள். வியாசர்பாடிக்கு வி 7, ராயபுரத்துக்கு 9. மாதவரம்–வியாசர்பாடி 4 என்பதால் மாதவரத்தின் யூ கழித்தல் 3. மாதவரம்–பெரம்பூர் 3 என்பதால் பெரம்பூரின் வி 6. மணலி–ராயபுரம் 6, ஆகவே மணலியின் யூவும் கழித்தல் 3, திருவொற்றியூரின் வி 6. இப்போது காலிக் கட்டங்களில் செலவிலிருந்து யூவையும் வியையும் கழியுங்கள்: செங்குன்றம்–பெரம்பூர் 0, செங்குன்றம்–திருவொற்றியூர் 4, மாதவரம்–ராயபுரம் 1, மாதவரம்–திருவொற்றியூர் 3, மணலி–பெரம்பூர் 2, மணலி–வியாசர்பாடி 1. ஒன்றுகூடக் கழித்தலில் இல்லை. எந்தச் சுற்று போட்டாலும் இனி ஒரு ரூபாய்கூடக் குறையாது. 4100-தான் அடிமட்டம், இது நிரூபணம்.

எங்கிருந்து தொடங்கினாலும் இந்தச் சோதனைதான் நிறுத்தச் சொல்லும். வடமேற்கு மூலையின் 4250-இல் தொடங்கினாலும் சரி, இன்னும் ஓரிரு சுற்று கூடலாம், வந்து சேருகிற இடம் இதே 4100.

சார், அந்த யூ, வி எண்களுக்குத் தேர்வுக்கு வெளியே ஏதாவது அர்த்தம் உண்டா?

உண்டு. முதலாளிக்கு விடையைவிட இந்த எண்கள்தான் அதிகம் பேசும் என்பேன்.

மாதவரத்தின் யூ, செங்குன்றத்தைவிட 3 குறைவு. மாதவரம் பிளான்டில் தினமும் ஒரு கேன் கூடுதலாகப் பிடிக்க முடிந்து, செங்குன்றத்தில் ஒன்று குறைத்தால், மொத்தப் போக்குவரத்துச் செலவில் 3 ரூபாய் குறையும். மணலிக்கும் அதே 3. புதிதாக ஒரு ஃபில்லிங் மெஷினை எங்கே போடலாம், மாதவரத்தில் வாடகை அதிகமாக இருந்தாலும் தாங்குமா என்ற பேச்சு வரும்போது இந்த 3 ரூபாயை வைத்துத்தான் பேச வேண்டும். அதே மாதிரி ராயபுரத்தின் வி 9, பெரம்பூரின் வி 6. இரண்டு கடையும் ஒரே விலை கொடுத்தால், ராயபுரத்தில் கூடுகிற ஒவ்வொரு கேனும் பெரம்பூரைவிட 3 ரூபாய் அதிகம் தின்கிறது.

தனித்தனியாக இந்த எண்களுக்குப் பொருள் இல்லை, ஏனென்றால் பூஜ்யத்தை நாம்தான் வைத்தோம். வித்தியாசத்துக்குத்தான் பொருள். இந்த வித்தியாசம் ஒரு எல்லை வரைதான் செல்லும் என்பதையும் மறக்க வேண்டாம், அளவு ரொம்ப மாறினால் திட்டமே மாறி, எண்களும் மாறும்.

காலிக் கட்டத்தில் பூஜ்யம் வந்தால் என்ன அர்த்தம்?

இதே செலவில் வேறு திட்டமும் இருக்கிறது என்று அர்த்தம். நம் கணக்கில் செங்குன்றம்–பெரம்பூர் பூஜ்யம். செங்குன்றத்திலிருந்து பெரம்பூருக்கு 150 வரை எத்தனை வேண்டுமானாலும் அனுப்பி, அந்த அளவுக்கு மாதவரத்தை வியாசர்பாடிப் பக்கம் திருப்பினாலும் 4100-தான். பரீட்சையில் "மாற்று உகந்த தீர்வு உண்டு" என்று ஒரு வரி எழுதிவிட்டுப் போய்விடுகிறார்கள். நிஜத்தில் இது பெரிய வசதி. பெரம்பூர் பக்கம் பழகின டிரைவர் செங்குன்றத்தில் இருக்கிறாரா, அவரை அனுப்பலாம், காசு கூடாது.

எண்ணூர் விரைவுச் சாலையில் லாரிகள் நின்றுவிட்டால் திட்டம் முழுக்க மாறுமா?

மாறுமா என்பதற்குக் கணக்கிலேயே பதில் இருக்கிறது. மணலி–ராயபுரம் செலவு இப்போது 6. வண்டி நெரிசலில் நிற்பதால் 6.50 ஆகிறது என்றால் திட்டத்தைத் தொடவே வேண்டாம், மொத்தம் 4150 ஆகும், அதுவும் குறைந்த செலவுதான். மணலி–வியாசர்பாடி காலிக் கட்டத்தில் 1 வந்ததல்லவா, அந்த ஒரு ரூபாய் தீர்ந்து 7-ஐத் தாண்டினால்தான் மாற்ற வேண்டும். அப்போது மணலியின் 100 கேனை வியாசர்பாடிக்குத் திருப்பிவிட்டு ராயபுரத்தை முழுக்கச் செங்குன்றத்திடம் கொடுக்க வேண்டும். கவனித்தீர்களா, முன்னால் நாம் தள்ளிவிட்ட 4200 ரூபாய் திட்டம்தான் அது. அதில் மணலி–ராயபுரம் சாலையே வராததால் சாலை எவ்வளவு மோசமானாலும் 4200-இலேயே நிற்கும்.

மழைக்காலத்துக்கு முன்பே இந்த எல்லையைத் தெரிந்து வைத்திருந்தால் காலையில் போன் மேல் போன் போட வேண்டியதில்லை. மூடிய சாலைக்கும் ஒரு வழி உண்டு: அந்தக் கட்டத்தில் மிகப் பெரிய ஒரு செலவை எழுதிவிடுங்கள், கணக்கு தானாக அந்தப் பக்கம் போகாது. பீக் நேரத்தில் கனரக வண்டிக்குத் தடை இருக்கிற சாலைக்கும் இதே வைத்தியம்தான்.

கத்திரி வெயிலில் தேவை கூடிவிட்டது, தண்ணீர் போதவில்லை. கணக்கு சமமாக இல்லாவிட்டால்?

போலியாக ஒரு பிளான்ட் சேர்ப்பது வழக்கம். ராயபுரத்தின் தேவை 350 ஆகிவிட்டது என்று வையுங்கள். மொத்தத் தேவை 850, அளிப்பு 750. போலி பிளான்டுக்கு 100 கேன், எல்லா ஊருக்கும் செலவு பூஜ்யம். அந்தப் போலி எந்த ஊருக்கு அனுப்புகிறதோ அந்த ஊருக்குத் தண்ணீர் போகவில்லை என்று பொருள். அளிப்பு அதிகமாக இருந்தால் போலி ஊர், அங்கே போவது பிளான்டிலேயே மிஞ்சுகிற கேன்.

புத்தகம் இத்தோடு நிறுத்திவிடும். எனக்கு இதில் ஒரு ஆட்சேபம் இருக்கிறது, அதைச் சொல்லியே ஆக வேண்டும். எல்லா இடத்திலும் பூஜ்யம் என்று எழுதினால் 100 கேன் பற்றாக்குறை எங்கே போய் விழும் தெரியுமா? வி எந்த ஊருக்கு அதிகமோ அங்கே, அதாவது ராயபுரத்தில். வேறு எந்த ஊரில் தேவை கூடி அதனால் பற்றாக்குறை வந்தாலும் அடி முதலில் ராயபுரத்துக்குத்தான், ஏனென்றால் அங்கே கொண்டுபோவதுதான் செலவு. கணக்கில் யாரும் ஓரவஞ்சனை செய்யவில்லை, ஆனால் நாம் எழுதிய பூஜ்யம் "யாருக்குத் தண்ணீர் இல்லாவிட்டாலும் எனக்கு ஒன்றுதான்" என்று சொல்லிவிட்டது. அது உண்மையா? ஒரு ஊரில் மருத்துவமனை வாடிக்கையாக இருக்கும், இன்னொரு ஊரில் வேறு ஏஜென்சி கிடையாது. அனுப்பாமல் விட்டால் என்ன இழப்பு என்று ஊருக்கு ஊர் ஒரு எண் வையுங்கள், போலி நிரையில் அதை எழுதுங்கள். எந்த ஊருக்கும் குறைந்தது இத்தனை கேன் போயே ஆக வேண்டும் என்றால் அந்தத் தேவையை இரண்டு நிரலாகப் பிரித்து, கட்டாயமான பகுதிக்குப் போலியிலிருந்து போக முடியாதபடி பெரிய செலவு போட்டுவிடுங்கள். தண்ணீர் மாதிரி ஒரு பொருளில் இந்த எண்களை மனிதர்தான் யோசித்து வைக்க வேண்டும்.

ஆறு கட்டம் வர வேண்டிய இடத்தில் ஐந்துதான் வருகிறது. என்ன செய்வது?

நிரைகளையும் நிரல்களையும் கூட்டி ஒன்று கழித்தால் வருவது, நம் கணக்கில் 3-ஐயும் 4-ஐயும் கூட்டி 1 கழிக்க 6. அத்தனை கட்டம் நிரம்பியிருந்தால்தான் யூ, வி எல்லாம் கிடைக்கும். ஒரே அடியில் ஒரு பிளான்டும் ஒரு ஊரும் சேர்ந்து தீர்ந்துவிட்டால் ஒரு கட்டம் குறையும். மாதவரத்தில் 200-க்குப் பதில் 150-தான் என்றால் பெரம்பூரை நிரப்பியதும் இரண்டும் ஒன்றாகத் தீர்ந்துவிடும், அந்த மாதிரி. அப்போது ஒரு காலிக் கட்டத்தில் பூஜ்யத்தை (புத்தகத்தில் எப்சிலான் என்ற மிகச் சிறிய எண்ணை) எழுதி அதை நிரம்பிய கட்டமாக நடத்துங்கள். ஏற்கெனவே நிரம்பியவற்றோடு சேர்ந்து மூடிய சுற்று உண்டாக்காத கட்டமாக அது இருக்க வேண்டும், கவனிக்க வேண்டியது இது ஒன்றுதான்.

விடையில் அரை கேன், கால் கேன் வந்துவிடாதா?

வராது. அளிப்பும் தேவையும் முழு எண்ணாக இருந்தால், இந்த முறையில் கிடைக்கும் விடையும் முழு எண்ணாகவே இருக்கும். ஒவ்வொரு சுற்றிலும் கூட்டலும் கழித்தலும் மட்டும்தான் நடக்கிறது, வகுத்தல் எங்கேயும் இல்லை. பொதுவான நேரியல் திட்டமிடலில் (செலவும் கட்டுப்பாடுகளும் அளவுக்கு ஏற்பச் சீராக மாறுகிற கணக்குகள்) இந்த வசதி கிடையாது, இந்தக் கணக்கின் அமைப்புக்கே உரிய நல்ல குணம் இது.

இதையெல்லாம் யார் கண்டுபிடித்தது?

ஒரே ஆள் இல்லை. பிரான்சில் காஸ்பார் மோன்ஜ் 1781-லேயே மண்ணைத் தோண்டிய இடத்திலிருந்து கொட்டும் இடத்துக்குக் குறைந்த உழைப்பில் கொண்டுபோவது எப்படி என்று கேட்டார். சோவியத் நாட்டில் டால்ஸ்டாய் என்ற கணக்கறிஞர் (நாவலாசிரியர் இல்லை) 1930-இல் ரயில் சரக்குப் போக்குவரத்துக்கு இதே கேள்வியைக் கையில் எடுத்தார். சுற்று வரைந்து பார்த்து செலவு குறைகிறதா என்று சோதிக்கும் யோசனையைக் கொண்டு, அப்போதே 10 இடங்களிலிருந்து 68 இடங்களுக்குச் சரக்கு அனுப்பும் கணக்கையே போட்டார், அந்தக் காலத்தில் கையால்! அமெரிக்காவில் ஹிட்ச்காக் 1941-இல் இன்று நாம் படிக்கிற வடிவத்தில் எழுதினார். டான்ட்சிக் 1947-இல் நேரியல் திட்டமிடல் கணக்குகளைத் தீர்க்கும் சிம்ப்ளெக்ஸ் முறையைக் கண்டுபிடித்து, 1951-இல் அதைப் போக்குவரத்துக் கணக்குக்கு ஏற்றபடி சுருக்கிக் கொடுத்தார், யூ-வி அங்கிருந்து வருவது. வோகல் முறை 1958-இல் ரைன்ஃபெல்டும் வோகலும் எழுதிய புத்தகத்தில் வந்தது.

எனக்குப் பிடித்த கதை கூப்மன்ஸுடையது. இரண்டாம் உலகப் போரின்போது வாஷிங்டனில் நேச நாடுகளின் சரக்குக் கப்பல்களைத் திட்டமிடும் வாரியத்தில் வேலை பார்த்தார். சரக்கை இறக்கிவிட்ட கப்பல் அடுத்த சரக்கு இருக்கிற துறைமுகத்துக்கு வெறுமையாகப் போக வேண்டும். எந்தக் காலிக் கப்பலை எங்கே அனுப்பினால் வெற்று ஓட்டம் குறையும்? அப்படியே போக்குவரத்துக் கணக்கு. கப்பல் காலியான துறைமுகம் அளிப்பு, கப்பல் வேண்டிய துறைமுகம் தேவை. கூப்மன்ஸுக்கும் சோவியத்தின் கான்டரோவிச்சுக்கும் 1975-இல் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது.

சென்னைத் துறைமுகத்தின் ஜீரோ கேட்டுக்கும் எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கும், மாதவரம், மணலி பக்கத்து யார்டுகளுக்கும் இடையே காலிக் கன்டெய்னரோடு ஓடுகிற ட்ரெய்லர்களுக்கு இன்றும் கேள்வி அதேதான்.

ஹங்கேரியன் முறையும் இதுவும் ஒன்றா?

உறவுக்காரர்கள். ஒவ்வொரு பிளான்டிலும் ஒன்று, ஒவ்வொரு ஊருக்கும் ஒன்று என்று இருந்தால் அது ஒதுக்கீட்டுக் கணக்கு: பத்து டிரைவர், பத்து வண்டி, யாருக்கு எது? பத்துக்குப் பத்து என்றாலே 36,28,800 வழிகள், எல்லாவற்றையும் எழுதிப் பார்க்க முடியாது. 1955-இல் கூன் இதற்கு வழி எழுதி, ஹங்கேரியர்களான கோனிக், எகர்வாரி இருவரின் முந்தைய வேலையை மதித்து அந்தப் பெயரை வைத்தார். ஒதுக்கீட்டை யூ-வி முறையில் போட்டால் ஒவ்வொரு அடியிலும் கட்டம் குறைந்து எப்சிலான்களாகக் குவியும், அதனால்தான் தனி முறை.

எங்கள் வண்டிக்கு டிரிப்புக்குத்தான் வாடகை, கேனுக்கு இல்லை. இந்தக் கணக்கு பொருந்துமா?

நேராகப் பொருந்தாது, அதை மறைக்கக்கூடாது. கேன் எண்ணிக்கைக்கு ஏற்ப செலவு சீராகக் கூடும் என்பது இந்த முறையின் அடிப்படை. வண்டி பாதி காலியாகப் போனாலும் முழு வாடகை என்றால், வண்டி எப்போதும் கிட்டத்தட்ட நிரம்பிப் போகிறதா என்று பாருங்கள். நிரம்பினால் வாடகையைக் கேன் எண்ணிக்கையால் வகுத்துப் போட்டுக்கொள்ளலாம், பெரிய பிசகு வராது. அல்லது கேனை விட்டுவிட்டு லோடையே அலகாக வையுங்கள். 10 கேனுக்கும் 20 கேனுக்கும் தனித்தனி நடை போக வேண்டியிருந்தால் அது நிலையான செலவுள்ள வேறு கணக்கு, முழுஎண் திட்டமிடல் (விடை முழு எண்ணாகவே வர வேண்டும் என்ற கட்டுப்பாட்டோடு போடுவது) வேண்டும், கடினம்.

ஒரே வண்டி வியாசர்பாடியில் கொஞ்சம் இறக்கி, பெரம்பூரில் கொஞ்சம் இறக்கித் திரும்புகிறது என்றால் அது வண்டிப் பாதைக் கணக்கு. அதை 1959-இல் டான்ட்சிக்கும் ராம்சரும் முதலில் எழுதியபோது எடுத்துக்கொண்டது, எண்ணெய்க் கிடங்கிலிருந்து பெட்ரோல் பங்குகளுக்குப் போகிற டேங்கர் லாரிகளை. தண்டையார்பேட்டை டெர்மினலிலிருந்து தினமும் புறப்படுகிற டேங்கர்களுக்கான கேள்விதான் அது. பெரிய அளவில் அதற்குச் சரியான விடையை நேரத்துக்குள் கண்டுபிடிப்பது இன்றும் சிரமம், தோராய முறைகள்தான் கைகொடுக்கின்றன.

கையால் போடாமல் கம்ப்யூட்டரில் போட முடியுமா?

தாராளமாக. எக்செல் சால்வரே போதும்: பன்னிரண்டு மாறிகள், ஏழு கட்டுப்பாடுகள், சிம்ப்ளெக்ஸ் எல்பி என்று தேர்ந்தெடுங்கள். லிப்ரே ஆபீஸிலும் சால்வர் உண்டு, காசு இல்லை. பைதான் தெரிந்தால் சைபையில் லின்ப்ராக், பெரிய கணக்குக்குக் கூகுளின் ஓஆர்-டூல்ஸ். சால்வர் முடிந்ததும் சென்சிடிவிட்டி ரிப்போர்ட்டைக் கேட்டு வாங்குங்கள். அதில் நிழல் விலை என்ற பெயரில் இருப்பது நம் யூவும் வியும்தான், அதைத் திறக்காமல் மூடுகிறவர்கள்தான் அதிகம்.

செலவு அட்டவணையில் எதை எதைச் சேர்ப்பது?

கணக்கு எவ்வளவு சரியாக இருந்தாலும் அந்தப் பன்னிரண்டு எண்கள் பொய் என்றால் விடையும் பொய். டீசலை மட்டும் எழுதுகிறவர்கள் உண்டு. ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி, வண்டி காத்து நிற்கிற நேரத்துக்கு டிரைவர் பேட்டா, சுங்கம் இருந்தால் அது, காலிக் கேனோடு திரும்பி வரும் ஓட்டம், இதெல்லாம் சேர்ந்ததுதான் செலவு. எல்லா வழிக்கும் ஒரே அளவாக வருவதை, உதாரணமாகக் கேனுக்கு 50 பைசா ஏற்றுக்கூலி, சேர்த்தாலும் விட்டாலும் திட்டம் மாறாது, மொத்தத் தொகை மட்டும் மாறும். ஒரு பிளான்டுக்கு மட்டும் கூடுகிற செலவும் அப்படித்தான், அங்கிருந்து போகிற மொத்தக் கேனும் நிச்சயம் என்றால். வழிக்கு வழி வேறுபடுகிற செலவில்தான் உழைப்பைச் செலுத்த வேண்டும்: எந்தச் சாலையில் எவ்வளவு நேரம் நிற்கிறது என்பதை, வண்டி ஓட்டுகிறவரிடமே கேட்டு, காலை நடைக்கும் மாலை நடைக்கும் தனித்தனியாக எழுதுங்கள்.